காதக்கா கையெழுத்துப் போடமாட்டாள்

ஒலிபெருக்கிப் பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் காதக்காதான். இருபத்திரண்டு வருஷமாகக் கடைசி அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியையும் காதால் கேட்டுப் பார்ப்பாள். சரியாக இருந்தால் அட்டையில் கையெழுத்துப் போடுவாள், அதற்கப்புறம்தான் பெட்டி வெளியே போகும். கேட்பதற்குப் பாட்டுப் போடமாட்டாள். பாட்டுக்குள் எந்தக் கோளாறும் ஒளிந்துகொள்ளும் என்பாள். கட்டைக்குரல் ஆள் ஒருவர் தொலைபேசி எண்களை வரிசையாக வாசிக்கும் பதிவு ஒன்று வைத்திருந்தாள். அதை ஓடவிட்டுப் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருவாள்.

அந்த அறைக்குத்தான் அளக்கும் மெஷின் வந்து சேர்ந்தது. கூடவே வந்த இளம் பொறியாளருக்கு அன்றைக்கே 'கிராஃப் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் தாளில் கோடாக வராத எதையும் நம்பமாட்டார். பெட்டியை மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைப்பார், மேலே தொங்கும் மைக் அதைக் கேட்கும், எட்டே விநாடியில் கோடு வந்துவிடும்.

முதல் வாரம் எண்பது பெட்டிகள் மெஷினில் தேறின. காதக்கா அதில் ஒன்பதை ஒதுக்கிவைத்தாள்.

"என்னக்கா கோளாறு?" என்றார் கிராஃப் சார்.

"குரல் கீழ இறங்குறப்ப உள்ள கொரகொரங்குது சார்."

"கோடு சுத்தமா இருக்கே!"

"கோடு சுத்தம்தான். சத்தம் சுத்தமா இல்ல."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மறுநாளே காது பரிசோதனைக்கு அவளை அழைத்துப் போனார். வந்த தாளை முதலாளியம்மாவின் மேசையில் விரித்துவைத்தார். "அக்காவுக்கு அம்பத்தாறு வயசு. மேல்ஸ்தாயி சத்தம் எதுவுமே கேக்கல மேடம்." காதக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷ உழைப்பை ஒரு தாளில் சுருட்டி நீட்டுகிறானே!

முதலாளியம்மா தாளையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். "இனி மெஷின் போதும் காதக்கா. நீங்க நாளையிலேருந்து பேக்கிங் பக்கம் போயிடுங்க. அதுக்கு முன்னாடி இந்த ஒன்பதுக்கும் கையெழுத்துப் போட்டுடுங்க. உங்க கையெழுத்து இல்லாம கடைக்காரங்க வாங்க மாட்டேங்குறாங்க."

வீட்டில் தையல்காரரான புருஷன் கேட்டார்: "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சா என்ன? இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்?"

"ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமா சட்டை தைச்சு, நல்லா இருக்குன்னு நீங்க குடுப்பீங்களா?"

மனிதர் எழுந்து கத்தரிக்கோலைத் தேடப் போய்விட்டார்.

காலையில் நேரே முதலாளியம்மாவிடம் போய் நின்றாள். "போடமாட்டேன் மேடம். எனக்கு எது கேக்காதுன்னு தாள் போட்டுக் காட்டிட்டீங்க, சந்தோஷம். இந்த மெஷினுக்கு எது கேக்காது? அதுக்கு ஒரு தாள் இருக்கா?"

பக்கத்தில் நின்ற கிராஃப் சார் நெளிந்தார்.

"இருபது பெட்டியைத் திரைக்குப் பின்னால வைங்க. இந்த ஒன்பதையும் அதுல கலந்துடுங்க. வரிசை எனக்குத் தெரிய வேணாம். தப்பாச் சொன்னா நானே பேக்கிங்குக்குப் போறேன்."

வைத்தார்கள். முதலாளியம்மாவே வரிசையைக் கலைத்துப் போட்டாள். தொலைபேசி எண்கள் ஓடின. காதக்கா கண்ணை மூடிக்கொண்டு, "இது வேணாம்... இது சரி... இது வேணாம்" என்று சொல்லிக்கொண்டே போனாள். முடிவில் அதே ஒன்பது, ஒன்றுகூடப் பிசகவில்லை.

"ஆனா பதினாலாவது பெட்டியைச் சரின்னு சொல்லிட்டீங்களே அக்கா," என்றார் கிராஃப் சார். "அது மெஷின் தள்ளுனது, நான்தான் கலந்து வெச்சேன். மெல்லிசா ஒரு கீச்சு வருது."

"எனக்குக் கேக்கல. என் தப்பு, எழுதிக்கோங்க. இந்த ஒன்பதையும் யார் தப்புன்னு எழுதப் போறீங்க?"

அவர் திரைக்குப் பின்னால் போய், ஒன்பதில் ஒன்றின் அருகே குனிந்தார். கொரகொரப்பு அவர் காதிலும் விழுந்தது. மெஷினில் படுக்கவைத்தார், கோடு சுத்தமாக வந்தது. தூக்கி நிறுத்தினார், மறுபடி கொரகொரத்தது. நாலு தரம் படுக்கவைத்து, நாலு தரம் நிமிர்த்தினார். பிறகு பின்பலகையைக் கழற்றினார். உள்ளே ஒயரை இரண்டு விரல் நீளம் அதிகமாக விட்டிருந்தார்கள். பெட்டி நின்றால் அது முன்னால் சாய்ந்து ஒலிபெருக்கியின் அதிரும் காகிதக் கூம்பில் உரசியது. படுத்தால் பின்னால் விழுந்து பேசாமல் கிடந்தது.

"எல்லாத்தையும் படுக்கப் போட்டே அளந்திருக்கேன் மேடம்," என்றார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"வீட்டுல எவன் சார் பெட்டியைப் படுக்கப்போட்டுக் கேக்குறான்?"

சத்தம் கேட்டு வேலையாட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். முதலாளியம்மா சமாதானமாகச் சிரித்தாள். "சரி விடுங்க. பழைய இடத்துலயே உக்காருங்க. கடைசி முடிவு மட்டும் சார் சொல்லட்டும்."

"அது ஆகாது," என்றாள் காதக்கா. "மெஷின் வேணாம்னு சொன்னதை நான் சரின்னு சொல்லமாட்டேன். நான் வேணாம்னு சொன்னதை மெஷினும் சரின்னு சொல்லக் கூடாது. சம்மதம்னா உக்காருறேன். இல்லேன்னா இப்பவே வீட்டுக்குக் கிளம்புறேன், பேக்கிங்கும் வேணாம்."

கிராஃப் சார்தான் முதலில் தலையாட்டினார். முதலாளியம்மா வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே "சம்மதம்" என்றாள்.

"எனக்குக் கேட்டுருச்சு மேடம்," என்றாள் காதக்கா. "அவங்களுக்கும் கேக்கணும். சத்தமாச் சொல்லுங்க."