சங்கு ஊதிய பிறகு விழுந்த கோல்

சனிக்கிழமை மத்தியானம் விரபூல் ஊரின் கால்பந்து மைதானத்தைச் சுற்றி, உள்ளிருந்தே ஆட்டம் பார்க்க வசதியாகக் கார்கள் மூக்கை உள்பக்கம் நீட்டியபடி நின்றிருந்தன. கிளெனிஸின் கார் எப்போதும்போலக் கோல் கம்பங்களுக்குப் பின்னால். அவளுக்குப் பக்கத்தில் தங்கையின் கணவன் நோயல். பின் இருக்கையில் தங்கை லொரெய்ன், மடியில் கம்பளியோடு.

கிளெனிஸ் விரபூல்காரி. நோயல் டாரல்கா அணிக்காக உயிரையே விடுவான். லொரெய்ன் விரபூலில் பிறந்து டாரல்காவில் வாழ்க்கைப்பட்டவள். யார் கோல் அடித்தாலும் கைதட்டுவாள். இரண்டு ஊரும் மோதும் நாளில் மூவரும் ஒரே காரில் உட்காருவதும், இடைவேளையில் பழைய சண்டை கிளம்புவதும் வழக்கம்.

"இதோ, இந்த இடத்துலதான் எங்க கோப்பையைத் திருடினீங்க" என்றான் நோயல், சாஸ் ஒழுகும், இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பையைக் கடித்தபடி.

"ஆரம்பிச்சிட்டான்யா! வாயில இருக்கிறதை முழுங்கிட்டுப் பேசு" என்றாள் கிளெனிஸ்.

அவன் சொன்னது எழுபத்து நான்காம் வருஷத்து இறுதி ஆட்டத்தை. அன்று காலையிலிருந்தே மழை. முட்டை வடிவப் பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. கடைசிக் கட்டத்தில் விரபூல் ஒரு கோல் போட்டதும், அப்பாவின் காரில் இருந்த இருபது வயது கிளெனிஸ் ஹாரனை ஓங்கிக் குத்தினாள். அது உள்ளே போனது போனதுதான், வெளியே வரவில்லை. ஹாரன் நிற்காமல் அலறியது. அந்த அலறலில் ஆட்டம் முடிகிற சைரன் சங்கு ஊதியது அம்பயர் காதில் விழவில்லை. அவருக்குக் கேட்கிறவரை ஆட்டம் ஆட்டம்தான். அந்த இடைவெளியில் விரபூலின் டெஸ் குவில்டி இன்னொரு கோல் போட்டான். ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. விரபூல் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது.

சண்டைக்கென்று பாய்ந்து வந்த டாரல்கா பையன் ஒருவன் காரின் முன்மூடியைத் திறந்து ஹாரன் கம்பியைப் பிடுங்கினான். நிமிர்ந்தபோது பின் இருக்கையில் லொரெய்ன் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன்தான் நோயல்.

"கோப்பை போச்சு. இவளைத் தலையில கட்டி அனுப்பிட்டீங்க" என்றான் நோயல்.

"ஏன், கப்புதான் வேணும்னா இப்பவே இறங்கிப் போய்க் கேளு" என்றாள் லொரெய்ன். "நான் கிளெனிஸ் வீட்டுலயே இருந்துக்கறேன்."

அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஊன்றுகோல், உடைந்து கோணிய மூக்கு. கிளெனிஸுக்கு அந்த மூக்கை அடையாளம் தெரிந்தது.

"டெஸ்! டெஸ் குவில்டியா?"

அடுத்த வருஷமே மேற்கே சுரங்க வேலைக்குப் போனவன். மகள் வீட்டோடு இருக்கத் திரும்பி வந்திருந்தான். லொரெய்ன் நகர்ந்து இடம்விட, முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

நோயல் முழு உடம்பையும் திருப்பினான். "உன்னைத்தான்யா இத்தனை வருஷமா தேடறேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அந்தக் கோலுக்கு முன்னாடி சங்கு கேட்டுச்சா, இல்லையா?"

டெஸ் தலையைச் சொறிந்தான். "எந்தக் கோல்னே தெரியாதுப்பா எனக்கு. ஆட்டம் தொடங்கினதுமே ஒருத்தன் முழங்கை மண்டையில இறங்கிச்சு. அப்புறம் ஆடினது எதுவுமே நினைவில்லை. சுயநினைவு வந்து பார்த்தா எல்லாரும் என்னைத் தோள்ல தூக்கிட்டு ஓடறாங்க. ஞாபகமில்லைன்னு சொன்னா தன்னடக்கம்னு முதுகுல தட்டறாங்க. யாரும் முழுசாச் சொன்னதே இல்லை."

கிளெனிஸ் சொல்லத் தொடங்குமுன் நோயல் முந்திக்கொண்டான்.

"நான் கம்பத்துக்குப் பக்கத்துல நின்னேன். நீ தடுப்பாட்டக்காரன். அந்த முனையில உனக்கு என்ன வேலைன்னு யாருக்கும் புரியலை, அதனால உன்னை யாரும் மறிக்கலை. பந்து சேத்துல வழுக்கி உன் காலடிக்கு வந்துச்சு. குனிஞ்சு எடுக்கக்கூட இல்லை நீ. இடது காலால ஒரே உதை! வெளியேதான் போச்சு, நான் கையைக்கூடத் தூக்கிட்டேன். அப்புறம் தரையில ஒரு குத்துக் குத்திச்சு பாரு, திரும்பி... அப்படியே வளைஞ்சு, ரெண்டு பெரிய கம்பத்துக்கும் நட்டநடுவுல. அதுமாதிரி ஒரு கோலை அதுக்கப்புறம் நான் பார்க்கலைய்யா."

டெஸின் வாய் பிளந்திருந்தது. "இடது காலாலயா? எனக்கு இடது காலே வராதே!"

"அன்னிக்கு வந்துச்சு."

டெஸ் தன் இடது முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

கிளெனிஸ் நோயலின் காதருகே குனிந்தாள். "சங்கைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

"அந்த மூஞ்சியைப் பார்த்தியா? எப்படிச் சொல்றது?" என்று முணுமுணுத்தான். "உன்கிட்டன்னா சாகிறவரைக்கும் சொல்வேன்."

இவனை அவளுக்கு இவ்வளவு பிடிக்கும் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. தன் பங்கு மீட் பையில் பாதியைப் பிய்த்து அவன் மடியில் வைத்தாள்.

வீரர்கள் மீண்டும் இறங்கினார்கள். ஆட்டம் தொடங்கியதுமே டாரல்கா பையன் ஒருவன் இரண்டு பேரைத் தாண்டி ஓடி, தூரத்திலிருந்தே கோல் போட்டான். நோயல் இருக்கையில் குதித்தான், மீட் பை தரையில் விழுந்தது, லொரெய்ன் கைதட்டினாள்.

"யாரு அடிச்சா? எந்தப் பக்கம் நம்மது?" என்று கேட்டான் டெஸ்.

"மூக்கைத் துடைச்சுக்கிட்டு உட்காரு" என்றாள் கிளெனிஸ். "முதல்லேருந்து சொல்றேன்."