இடது லென்ஸில் ஒரு கட்டைவிரல்

மூக்குக்கண்ணாடி அழுக்காவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. லென்ஸின் உட்புறத்தில் மேல்பக்கமாக இமைமுடிகள் உரசி, மெல்லிய சீப்பை இழுத்ததுபோல் கோடுகள் விழும். கீழ் விளிம்பில் கன்னத்து எண்ணெய் ஏறும். மூக்கை ஒட்டிய ஓரத்தில், சரிந்த கண்ணாடியை மேலே தள்ளுகிற ஆள்காட்டி விரலின் ரேகை இருக்கும். வெளிப்பக்கம் தெருத் தூசியும் அடுப்படிப் புகையும். உட்புறத்தின் நட்டநடுவில் மட்டும் தானாக எதுவும் படாது. அங்கே ஒரு விரல் பட வேண்டுமென்றால் அதை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

நான் தினமும் காலையில், கடைப் படி ஏறுவதற்கு முன்னால், கொண்டுபோய் வைத்தேன். இடது லென்ஸ், உட்பக்கம், நட்டநடு. கட்டைவிரலை முதலில் நெற்றியில் ஒரு தேய்ப்பு. எண்ணெய் ஏற வேண்டுமே. பிறகு ஓர் அழுத்து.

எல்லாம் பளிச்சுக்காக.

எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவருக்கு முதலாளியம்மா வைத்த பெயர் பளிச்சு. முன்பக்கம் நான். வருகிறவர்களுக்கு ஃபிரேம் காட்டுவது, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளப்பது, காதுக்குப் பின்னால் அழுத்துகிற காம்பைச் சூடுபடுத்தி வளைத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. பின்னறை அவருடையது. லென்ஸ் வட்டமாகத்தான் வரும். அதை ஃபிரேமின் வடிவத்துக்குச் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். சூடேறாமலிருக்க மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். மாவு மாதிரி வெள்ளைச் சகதி தெறிக்கும். அப்படிப்பட்ட வேலை செய்கிற அறையில் ஒரு சொட்டுச் சகதியை யாரும் பார்த்ததில்லை. கதவை முழங்கையால் திறப்பார். யாருக்கும் கை கொடுக்க மாட்டார். அவருடைய டம்ளரை யாராவது தவறி எடுத்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் புது டம்ளரோடு வருவார். கழுவிக் கழுவி அவர் விரல் முட்டிகள் வெடித்திருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் ஏதோ கேட்க முன்பக்கம் வந்தவர், பாதியில் நின்றுவிட்டார்.

"அந்த நீல ஃபிரேம்காரருக்கு... அது வந்து..." என் முகத்தையே பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க. உங்க கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டிக் குடுக்கறீங்களா? பேச்சே வர மாட்டேங்குது."

கொடுத்தேன். அவர் துடைக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் தன் கையை மணிக்கட்டு வரை கழுவுவார். பிறகு கண்ணாடியைக் குழாயில் காட்டுவார். உலர்ந்த லென்ஸைத் துணியால் தேய்த்தால் அதிலிருக்கும் தூசியே மேல்பூச்சைக் கீறிவிடும். தூசு முதலில் மிதந்து போக வேண்டும். அப்புறம் ஒரு சொட்டு சோப்பு, இரண்டு விரலுக்கு நடுவே வட்டம் வட்டமாக. மறுபடி தண்ணீர். ஓர் உதறல். துணி எப்போதும் விளிம்பிலிருந்து நடுவுக்கு. கடைசியில் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒரு பார்வை. அதன்பின் அதை என் கையில் தர மாட்டார். ஒற்றைக் கையால் மாட்டினால் ஃபிரேம் கோணிவிடுமாம். இரண்டு காம்பையும் விரித்துப் பிடித்து, என் காதுகளுக்கு மேல் அவரே இறக்கி வைப்பார். விரல் என் மேல் படாது. இரண்டு மூன்று முடி மட்டும் நகரும். சோப்பு வாசனை வரும்.

எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாமல் ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் நனைந்த ஓவியம். எனவே அவர் எனக்குப் பக்கத்தில் வருகிற அந்த ஒரே நேரத்தில் அவர் முகம் எனக்குத் தெரியாது. கண்ணாடி ஏறி முகம் தெளிகிறபோது அவர் ஓர் அடி பின்வாங்கியிருப்பார். அந்த ஓர் அடிக்கு நடுவே ஏதாவது ஒரு நாள் அவர் ஒரு வார்த்தை சொல்வார், அல்லது நான் சொல்வேன் என்றுதான் கட்டைவிரலை நெற்றியில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, கண்ணாடிக்குக் குளியல் ஆச்சா?" என்பார் முதலாளியம்மா தினமும்.

"ஆச்சும்மா."

"என் கண்ணாடியும்தான் அழுக்கா இருக்கு. என்னைக் கூப்பிடறாரா பாரு."

"உங்களது அவர் கண்ணுல படலையோ என்னவோ."

"படாம என்ன, நான் சம்பளம் குடுக்கறவ. பயம்."

பளிச்சு மாதிரி சுத்தம் பார்க்கிறவர்களோடு இருப்பது எனக்குப் புதிதில்லை. வீட்டில் அக்கா இருக்கிறாள். அத்தான் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில். மீதிப் பாதியிலும் அக்கா அவரை எங்கேயாவது மடித்து வைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். பிளாஸ்டிக் பைகளை முக்கோணமாக மடித்து அளவுவாரியாக அடுக்குவாள். டப்பாக்களின் பிடியெல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். எங்கள் வீட்டில் ஒரு டீயை முழுசாகக் குடிக்க வேண்டுமென்றால் டம்ளரைக் கையைவிட்டு இறக்கக் கூடாது. இறக்கினால் கடைசி மடக்கு தொட்டியில்.

நான் பார்த்தவரை இவர்களில் இரண்டு சாதி. அடுக்குகிறவர்கள், துடைக்கிறவர்கள். அக்கா முதல் வகை. தூசுகூட வரிசையாகப் படிந்தால் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. துடைக்கிறவர்கள் வேறு. அவர்களுக்குக் கறை என்பது பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. எடுக்கிறவரை நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

இதை அக்காவிடம் ஒரு நாள் விளக்கினேன்.

"ஏண்டி, வீட்ல நான் ஒருத்தி போதாதா உனக்கு? கடையிலயும் ஒண்ணு வேணுமா?"

"நீ அடுக்கறவக்கா. அவர் துடைக்கிறவர்."

"ஆமா, ரொம்ப வித்தியாசம். நான் உன்னைத் தூக்கி அலமாரில வைப்பேன். அந்த ஆளு உன்னைத் துவைச்சுக் கொடியில காயப்போடுவாரு."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் கடைக்கு அந்த இயந்திரம் வந்தது.

பார்க்க ஒன்றுமில்லை. ஒரு சின்ன எஃகுத் தொட்டி, ஒரு மூடி, ஒரு பச்சை விளக்கு, உள்ளே கம்பிக் கூடை. தண்ணீர் ஊற்றிக் கண்ணாடிகளைக் கூடையில் போட்டுப் பொத்தானை அழுத்தினால் உள்ளே காதுக்கு எட்டாத ஓர் ஒலி தண்ணீரை உலுக்கும். அந்த உலுக்கலில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் ஆயிரக்கணக்கில் பிறந்து அப்போதே உடையும். ஒவ்வொன்றும் உடைகிறபோது பக்கத்திலிருக்கும் அழுக்கைப் பிய்த்துக்கொண்டு போகும். திருகாணி இடுக்கு, ஃபிரேமின் பள்ளம், விரல் நுழையாத இடமெல்லாம் சுத்தம். அருமையான ஏற்பாடு. அதன் மேல் எனக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை. வேலை செய்கிற விதம் அவ்வளவு அழகு.

"வர்றவங்க கண்ணாடியையெல்லாம் இவரே கழுவிக்கிட்டு இருந்தா லென்ஸ் யார் வெட்டறது?" என்றார் முதலாளியம்மா. "இனிமே காலைல நம்ம கண்ணாடியும் இதுலதான். யாரும் யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது."

அவர் எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவரோ புது மாப்பிள்ளை மாதிரி நின்றார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, மூக்குத்தாங்கியின் அடியிலிருந்து பச்சைப் பாசி புகையாகக் கிளம்புவதைப் பார்த்து, "அடடா" என்றார். என்னிடம் அவர் ஒரு நாளும் "அடடா" சொன்னதில்லை.

மறுநாளும் விரல் வைத்தேன். முதலாளியம்மா என் கண்ணாடியை வாங்கிக் கூடையில் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. சொட்டச் சொட்ட என் கையில் வந்தது. என் கட்டைவிரல் போன இடம் தெரியவில்லை. யாருமே பார்க்காமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு நெற்றியில் தேய்க்கிற பழக்கத்தை விட்டேன். வெட்ட வேண்டிய லென்ஸ்களைத் தட்டில் வைத்து அவர் அறை ஜன்னலில் நீட்டுவேன். வெட்டியதை அவர் அதே தட்டில் நீட்டுவார். என் கண்ணாடி எப்போதும் சுத்தமாக இருந்தது. அவர் முகம் எப்போதும் தெளிவாக, தூரமாக இருந்தது. மழை நாட்களில் சக்கரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் எது, வெளியே விழுகிற சத்தம் எது என்று பிரித்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"சொல்லித் தொலையேண்டி" என்றாள் அக்கா. "கதவை முழங்கையால திறக்கற ஆளுகிட்ட என்னத்தைச் சொல்றது?" என்றேன். "அப்போ முழங்கைகிட்ட சொல்லு" என்றாள்.

மறுநாள் காலை கடைப்படியில் நின்று நெற்றியை அழுந்தத் தேய்த்தேன். இடது லென்ஸ், உட்பக்கம், நட்டநடு. கூடைக்குப் போகாமல் நேரே பின்னறைக்குப் போனேன். அவர் சக்கரத்தை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன்.

"மெஷின் இருக்கே" என்றார்.

"தெரியும்."

வாங்கிக்கொண்டார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தது ஒரு நிழலாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் பிடித்தபடி இருந்தார்.

"இது தானா விழற கறை இல்லீங்க."

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டேன்.

"கழட்டும்போது தவறிப் பட்டா காம்புப் பக்கம் படும். நடுவுல படாது. எப்பவும் ஒரே விரல், ஒரே இடம்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா வைக்க மாட்டீங்களே."

எனக்கு முகம் தெரியவில்லை. குரல் மட்டும் இருந்தது. குழாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன், சத்தம் வரவில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் துணியை நனைக்கிற சத்தம். லென்ஸில் துணி கீச்சிடுகிற சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"முடியல" என்றார் மெதுவாக. "ஒண்ணைத் துடைக்காம விட்டா நாள் பூரா உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும் எனக்கு. உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். எங்க வீட்ல ஒருத்தி இருக்கா."

ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு காம்புகள் விரிகிற ஓசை, சோப்பு வாசனை, காதுகளுக்கு மேல் கண்ணாடி இறங்கியது. ஒரு விரல் நுனி என் காதில் பட்டது. சொரசொரப்பாக இருந்தது.

வலது கண்ணுக்கு அவர் பளிச்சென்று தெரிந்தார். இடது கண்ணுக்கு என் கட்டைவிரலின் பின்னால் நின்றார்.

"இடது பக்கம் துடைக்கலையே."

"இருக்கட்டும்."

"அப்போ நாளைக்கு நான் எதைச் சொல்லிக்கிட்டு இங்க வர்றது?"

அவர் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் துணியை நான்காக மடித்தன, பிரித்தன, மறுபடி மடித்தன.

"சும்மா வாங்க" என்றார்.

எதையும் காரணமில்லாமல் செய்யாத மனிதர். நான் முன்பக்கம் வந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். என்னைத் தொட்ட விரலைக் கழுவக் குழாயைத் திறப்பார் அல்லவா? திறந்தார்தான். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து. நன்றாகவே கொஞ்ச நேரம் கழித்து.

அன்று முழுக்க உலகம் பாதி தெளிவு, பாதி புகை. கருவிழி இடைவெளியை ஒருவருக்கு இரண்டு தடவை அளந்தேன். பின்னறைச் சக்கரம் அடிக்கடி நின்றது. நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவர் ஜன்னல் வழியாக என் இடது கண்ணைப் பார்த்து, உடனே குனிந்தார். பாவமாக இருந்தது. போய்த் துடைத்துக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது. துடைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே அக்கா கையை நீட்டினாள்.

"என்னடி இது, ஒரு கண்ணு பூரா பூசிக் கிடக்கு! குடு இங்க."

"வேண்டாங்க்கா."

"இதோட எப்படிடி தெருவுல நடந்து வந்தே? குடுன்னா."

"அவரே துடைக்காம விட்டிருக்கார்."

நீட்டிய கை அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள், லென்ஸைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல், நான் அப்போதுதான் விட்ட செருப்பை நேராக்கினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினேன். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஒரு சாணுக்குள் கொண்டுவந்தேன். என் கட்டைவிரலின் ரேகைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன, சுழன்று சுழன்று. அப்போதுதான் கவனித்தேன். லென்ஸின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, விரல் அகலத்துக்கு ஒரு சின்னப் பாதை துடைக்கப்பட்டிருந்தது. ரேகையின் ஓரத்தைத் தொடுகிற இடத்தில் அது சட்டென்று முடிந்திருந்தது. அங்கே வரை வந்து அவர் கை நின்றிருக்கிறது.

"டீ ஆறுது பாரு" என்று அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நான் கண்ணாடியை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தேன்.