ஐந்தாவது பெயரும் கறுப்புப் பொத்தானும்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. வாரமலர் ஒன்றின் ஆசிரியர் என்னிடம், "வீட்டில் அலுவலகம் நடத்துகிறவர்கள் எந்த ஓல்-இன்-வன் இங்க்ஜெட் பிரின்டர் வாங்கலாம்? அறுநூறு சொல்லில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டார். முப்பது வருடம் செய்தி எழுதியவனுக்கு அது ஒரு பகல் வேலை. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி இருக்கும் ரபீக்கா அதே வாரம் பிரின்டர் தேடிக்கொண்டிருந்தார். அவரோடு கடைக்குப் போய், அவர் கேட்பதையும் கடைக்காரர் சொல்வதையும் குறித்துக்கொண்டு வந்தால் போதும் என்று நினைத்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது:

(பிரின்டர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை ஐந்து. முதலாவது, ஒரு பக்கத்துக்கு ஆகும்

அந்த வரி அங்கேயே நிற்கிறது. அடைப்புக்குறியைக்கூட நான் மூடவில்லை. ரபீக்கா கவனித்தது ஒன்றைத்தான். அது என்னுடைய ஐந்தில் இருக்கவில்லை.

2

ரபீக்காவை அறிமுகம் செய்ய வேண்டும்.

(திருகோணமலை உட்துறைமுகத்தின் உப்புக்காற்று அறைக்குள் வரும்போதெல்லாம் அவருடைய கண்களில் ஒரு

இல்லை. அவருடைய கண்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூக்குக்கண்ணாடி போடுவார், அது அடிக்கடி கடதாசிகளுக்குள் தொலையும், அவ்வளவுதான். தெரிந்ததை எழுதுகிறேன். வயது நாற்பத்தேழு. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தார். அந்த அலுவலகம் கொழும்புக்குப் போனது, இவர் போகவில்லை. வீட்டின் முன்னறையில் மேசை, கணினி, பிரின்டர் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விண்ணப்பம் நிரப்புவார், கடிதம் அடிப்பார், அடையாள அட்டை கொப்பி எடுப்பார். அவருக்கு நிலையான வேலை தந்தது படகுச் சங்கம்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். படகு போகுமுன், அதை ஓட்டுகிறவர் ஒரு தாளில் படகின் இலக்கத்தையும் போகிறவர்களின் பெயர்களையும் பேனையால் எழுதுவார். ரபீக்கா அதைக் கொப்பி எடுத்துக் கொடுப்பார். அசல் பொலித்தீன் பையில் படகோடு போகும். கொப்பி, கரையில் சங்கக் கொட்டிலின் பலகையில் குத்தப்படும். படகு வந்ததும் கொப்பியைக் கிழித்துவிடுவார்கள்.

3

போன நவம்பர் மழையில் ஐந்து பேர் போன படகொன்று விடிந்தும் வரவில்லை. இயந்திரம் நின்று, கொட்டியாரக் குடாவுக்கு வெளியே இழுபட்டுப் போயிருந்தது. சங்கத் தலைவர் ஸைனுலாப்தீன் பலகையைப் பார்த்தார். கூரை ஒழுக்கு நேரே அந்தத் தாளில் விழுந்திருந்தது. நாலு பெயரைச் சிரமப்பட்டு வாசிக்கலாம். ஐந்தாவது பெயர் இருந்த இடத்தில் ஊதா ஓடிய ஒரு கறை.

ஐந்தாவது ஆள் ஹஸ்மியாக இருக்கலாம், அஷ்பாக்காகவும் இருக்கலாம். அந்தப் படகில் ஒரே இடத்தை இருவரும் மாறி மாறி எடுப்பார்கள். இடம் கிடைக்காதவர் மூதூருக்கு மேசன் வேலைக்குப் போவார். அன்று யார் எங்கே போனார் என்று கரையில் எவருக்கும் நிச்சயமில்லை. இரண்டு ஃபோனும் வேலை செய்யவில்லை. ரபீக்காவிடம் ஓடி வந்தார்கள். அந்தத் தாளைக் கொப்பி எடுத்தவர் அவர்தான். ஆனால் அவர் அதை வாசித்திருக்கவில்லை.

"அண்டைக்கு ஆறு படகு, அண்ணன்" என்றார் என்னிடம். "தாளை வைப்பன், மூடுவன், பொத்தானை அமத்துவன். கொப்பி எடுக்கிறவ என்னத்துக்கு வாசிக்கிற? அது என்ட வேலையில்ல எண்டு இருந்திட்டன்."

ஒரு பகலும் ஓர் இரவும் இரண்டு வீடுகள் அழுதன. மறுநாள் இன்னொரு படகு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. ஐந்தாவது ஆள் அஷ்பாக். ஹஸ்மி மூதூரில் சார்ஜ் இல்லாத ஃபோனோடு ஒரு மதிலைக் கட்டி முடித்துவிட்டு, மனைவி லைலாவுக்கு ஒரு பிஸ்கட் பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

(ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் அஷ்பாக்கை நான் கடலிலேயே விட்டுவிட்டேன். கதைக்கு எடை கூடும் என்று நினைத்தேன். அந்த வரைவு இரண்டு நாள் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் அஷ்பாக் மணி அடித்துக்கொண்டு ஒழுங்கையால் சைக்கிளில் போனார். கிழித்துப் போட்டேன்.)

(இன்னொன்று. திருகோணமலையில் இருந்துகொண்டு பெயர்ப் பட்டியல், காத்திருக்கும் வீடு என்று எழுதினால் வாசகர் வேறு பட்டியல்களை, போரில் காணாமற்போனவர்களின் பட்டியல்களை, நினைப்பார். நினைக்கட்டும். அவற்றின் துயரத்தை இரவல் வாங்கி இந்தக் கதையைப் பெரிதாக்க எனக்கு உரிமை இல்லை.)

லைலா சங்கத்திடம் ஒன்றைக் கேட்டிருந்தார்: இனி ரபீக்கா வீட்டுக் கொப்பி வேண்டாம், பேனையால் இரண்டு தரம் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கூட்டம். அதில் முடிவெடுப்பார்கள்.

"விட்டுடுங்களேன்" என்றேன் ரபீக்காவிடம். "வேற வேலை இருக்குத்தானே?"

"விட்டா, அந்தக் கறை என்ட பேரில அப்பிடியே நிக்கும். நான் விடமாட்டன். என்ட வீட்டால போற ஒரு பேரும் இனித் தண்ணியில அழியக் கூடாது."

அன்று செவ்வாய்க்கிழமை.

4

மத்திய வீதியில் சஜீத்தின் கடை. மூன்று பிரின்டர்கள் மேசையில் இருந்தன.

"ரபீக்கா ராத்தா, இது நிமிசத்துக்குப் பதினைஞ்சு பக்கம். வைஃபை இருக்கு. குசினியில சமைச்சுக்கொண்டே ஃபோனால அடிக்கலாம்."

"ஒரு பக்கம் கொப்பி எடுத்துத் தாங்க, தம்பி."

எடுத்துக் கொடுத்தார். ரபீக்கா கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மூடியில் ஊற்றி, தாளின்மேல் கவிழ்த்தார்.

"ராத்தா! என்ன செய்றீங்க?"

"பாக்கிறன்."

ஒரு நிமிடத்தில் எழுத்துகள் ஊதாவாகக் கால் நீட்டின.

"அடுத்தது."

"இதுக்கு ரெண்டு வருச வாரண்டி..."

"தண்ணிக்கும் இருக்கா?"

"பிரின்டரை ஆர் ராத்தா தண்ணிக்குள்ள போடுற?"

"பிரின்டரை இல்ல. பேரை."

இரண்டாவதும் கரைந்தது. மேசையில் தண்ணீர் வழிந்தது. சஜீத் துணி எடுத்து வந்து துடைத்தார். "பிரின்டர் தொழப் போகுதோ, ஒழு எடுத்துக் குடுக்கிறீங்க? கடையில ஒழுக்கு எண்டு சனம் நினைக்கப்போகுது."

"ஒழுக்கால வந்த வினைதான், தம்பி. அடுத்ததை எடுங்க."

(சஜீத்தை இந்த இடத்தில் ஓர் ஏமாற்றுக்கார வியாபாரியாக எழுதியிருந்தேன். எழுதுவதற்கு வசதியாக இருந்தது. குறிப்புப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தால், அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. விசயத்தைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கியவர் அவர்தான்.)

மூன்றாவதில் கலர் மை மூன்றும் வழமையான சாயம். தண்ணீர் பட்டால் கரையும். கறுப்பு மட்டும் பிக்மென்ட். அந்த மையின் துகள்கள் தாளைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினார். எழுத்து அசையவில்லை. ரபீக்கா விரலால் தேய்த்தும் பார்த்தார்.

"இது தெரிஞ்சும் ஏன் தம்பி முதல்லயே சொல்லயில்ல?"

"ஒருத்தரும் கேக்கிறதில்ல, ராத்தா. பக்கத்துக்கு எவ்வளவு காசு முடியும் எண்டுதான் கேப்பாங்க. ஒண்டு கவனம். கொப்பி எடுக்கேக்க கறுப்புப் பொத்தானைத்தான் அமத்த வேணும். கலரை அமத்தினா, மூண்டு கலரையும் கலந்தும் கறுப்புக் காட்டும். அது கரைஞ்சிடும்."

ரபீக்கா கலர் பொத்தானை அமத்தி ஒரு கொப்பி எடுத்தார். தண்ணீர் ஊற்றினார். அதன் ஓரங்கள் கரைந்தன. கைப்பையில் இருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றை எடுத்துக் கலர் பொத்தானின்மேல் ஒட்டினார்.

"காசு குடுக்க முதலே ஒட்டுறீங்க!"

"வாங்கியாச்சு, தம்பி. பெட்டியில போடுங்க."

[லேசர் வாங்கினால் என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். மழை நாளில் கறண்ட் போகும். ரபீக்காவின் இன்வேட்டர் சிறியது. லேசர் சூடாகும்போது அது நின்றுவிடும். இங்க்ஜெட்டைத் தாங்கும். என் கட்டுரைக்கு உதவக்கூடிய ஒரே பந்தி இதுதான்.]

5

லைலாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. என் வரைவில் அவர் ரபீக்கா வீட்டுப் படலை வாசலில் நின்று கத்தினார். அதை எனக்கு யார் சொன்னது என்று யோசித்தேன். ஒருவரும் சொல்லவில்லை. கோபமான பெண் கத்துவாள் என்று நானே எழுதியிருக்கிறேன். புதன்கிழமை அவரிடமே போனேன். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். மெசினை நிறுத்தாமலே பேசினார்.

"நான் கத்தினனா? ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப எழுதாதீங்க." நூலைப் பல்லால் கடித்தார். "ரபீக்கா ராத்தாவில எனக்குக் கோவமில்ல. அண்டைக்கு அஷ்பாக்கிட உம்மாவும் நானும் அந்தப் பலகைக்குக் கீழ ஒண்டாத்தான் இருந்தம். அவ கையேந்தித் துஆ கேட்டா. நானும் கேட்டன். என்ன கேட்டன் தெரியுமா? அந்தக் கறை அவட மகன்ட பேரா இருக்கட்டும் எண்டு."

மெசின் நின்றது.

"அவவும் என்ட மாப்பிளைட பேரைத்தான் கேட்டிருப்பா. இப்ப ரெண்டு பேரும் ரோட்டில கண்டா தலையைக் குனிஞ்சிட்டுப் போறம். நல்ல மையா வாங்கிட்டா அது போயிடுமா? சொல்லுங்க, நீங்க எழுதுற ஆள்தானே."

நான் எழுதுகிற ஆள்தான். வீட்டுக்கு வந்து, கட்டுரை தர முடியாது என்று ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினேன்.

6

வெள்ளிக்கிழமை ரபீக்கா ஒரு வாளியோடு கொட்டிலுக்கு வந்தார்.

"என்ன ரபீக்கா, மீனா?" என்றார் ஸைனுலாப்தீன்.

"பட்டியல், ஸைனுலாப்தீன் நானா. வியாழக்கிழமை போன படகிட இன்னொரு கொப்பி, அண்டைக்கு விடியவே ஊறப் போட்டது."

வாளிக்குள் கையை விட்டுத் தாளைத் தூக்கினார். துணிபோலத் தொங்கியது. ஐந்து பெயரும் கறுப்பாக நின்றன. ஆண்கள் எழும்பி வந்து பார்த்தார்கள். ஒருவர் நகத்தால் சுரண்டினார்.

லைலா பின்வரிசை வாங்கில் இருந்து எழும்பவில்லை. "எழுத்து நிக்குது, ராத்தா. நீங்க வாசிச்சீங்களா?"

ரபீக்கா தாளைப் பார்க்கவில்லை. லைலாவைப் பார்த்தபடியே ஐந்து பெயரையும் சொன்னார். பிறகு வியாழக்கிழமை போன மற்றப் படகின் ஆறு பெயரையும் சொன்னார். பிறகு புதன்கிழமைப் பெயர்களைச் சொல்லத் தொடங்கியபோது ஸைனுலாப்தீன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைச்சிருக்கன்" என்றார் ரபீக்கா. "அது மெசின் செய்யிற. வாசிக்கிறது நான்."

லைலா கேட்டார்: "அப்ப எனக்கு இதைச் சொல்லுங்க, நானா. பேனையால எழுதின அசல் ஏன் கடலுக்குப் போகுது? நனையிறதுக்கா? தேடுறவங்க நாங்க இஞ்சதானே நிக்கிறம்?"

ஸைனுலாப்தீன் இழுத்தார்: "அது... கடல்ல மறிக்கிற நேவிக்காரங்க அசலைத்தான் கேப்பாங்க எண்டு..."

"ஆர் சொன்ன?"

நான் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். எவருக்கும் தெரியவில்லை. அந்தக் கொட்டிலைப் பற்றி மூன்று செய்தி எழுதியிருக்கும் எனக்கும் தெரியவில்லை.

"அசல் கரையில இருக்கட்டும்" என்றார் லைலா. "கொப்பி கடலுக்குப் போகட்டும். இப்பதான் அழியாத கொப்பி இருக்கே."

அப்படியே முடிவாயிற்று. கை உயர்த்தச் சொல்லவும் தேவைப்படவில்லை. ரபீக்கா ஈரத்தாளை மடிக்கப் பார்த்தார், மடிக்க வரவில்லை, வாளிக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

7

இங்கே ஒரு நல்ல முடிவு எழுதிப் பார்த்தேன்:

(கூட்டம் கலைந்தபோது லைலா, அஷ்பாக்கின் உம்மாவிடம் போய், "மாமி, வாங்க, ஒண்டாப் போவம்" என்று

நடக்கவில்லை. அஷ்பாக்கின் உம்மா கூட்டத்துக்கே வரவில்லை. லைலா தனியாகத்தான் வீட்டுக்குப் போனார். அவர்கள் இருவரும் எப்போது நிமிர்ந்து பார்த்துக்கொள்வார்கள் என்பது என் கையில் இல்லை. ரபீக்காவின் பிரின்டரின் கையிலும் இல்லை.

இன்னொரு முடிவும் உண்டு. சனிக்கிழமை படகைக் கடலில் மறிக்கிறார்கள். அதிகாரி கொப்பியைக் கையில் எடுத்து, "அசல் எங்கே?" என்கிறார். அவர் ஏற்றுக்கொள்வாரா, திருப்பி அனுப்புவாரா? இரண்டு விதமாகவும் எழுதலாம். இரண்டும் நம்பும்படியாகவே இருக்கும். அதனாலேயே எழுதவில்லை.

இப்போது சனிக்கிழமை பின்னேரம். படகு போய்விட்டது. ஐந்தாவது இடம் இம்முறை ஹஸ்மிக்கு. தாளை ரபீக்காவிடம் கொண்டுவந்தவர் லைலா. ரபீக்கா பெயர்களைச் சத்தமாக வாசித்தார். ஐந்தாவதை வாசிக்கும்போது லைலாவும் கூடச் சொன்னார். பிறகு கறுப்புப் பொத்தான். மழை இருட்டிக்கொண்டு வருகிறது.

படகைத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் ஏற்றும் வரியை நான் எழுதப் போவதில்லை. நாளைக் காலையைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. யார் போயிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் சங்கக் கொட்டிலுக்குப் போங்கள், கதவு பூட்டுவதில்லை. பலகையில், பொலித்தீன் பைக்குள், பேனையால் எழுதிய அசல் இருக்கிறது. ஐந்து பெயரையும் ஒருதரம் வாசித்துவிட்டு, கூரை ஒழுகாத பக்கமாக நில்லுங்கள். யாராவது ஓடி வந்து கேட்டால், சொல்வதற்கு இன்னும் ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும்.