காரைக்கால்காரியின் நாள்

ரொக்கையா பீவிக்குக் கோபம் முற்றினால் சிரிப்பு வந்துவிடும். அதனால்தான், தனக்கு இரண்டாந்தாரமாகக் காரைக்காலில் பெண் பார்த்திருப்பதாகப் புருஷன் கௌஸ் மைதீன் சொன்னபோது, விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். புதுச்சேரியில் உப்பளம் பக்கத்து உத்தியோகஸ்தர்களில் பாதிப் பேருக்குக் கால்சட்டை தைத்துக் கொடுக்கும் அந்த மனிதர், அவள் அழுதால் சமாதானப்படுத்த நாலு வார்த்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். எல்லாம் வீண். சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பதினெட்டு வருஷம் வாழ்ந்தாகிவிட்டது; இனிமேல் புருஷனில் பாதியை எடுத்துக் கொடுப்பதா?

தையல் கடையில் ஒரு வாரமாக இதே விவாதம். மார்க்கத்தில் நாலு வரைக்கும் அனுமதி உண்டு என்றார் காஜா எடுக்கும் தாவூது. அநாதைகளையும் விதவைகளையும் காப்பாற்ற வந்த ஏற்பாட்டை நரைத்த மாப்பிள்ளைகளுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டார், கால்சட்டை வாங்க வந்த வாத்தியார் ஒருவர். துணி வெட்டும் கலியமூர்த்திக்கு வேறு கவலை. இந்தியாவில் இந்துக்களுக்கு ஒருத்திதான் என்று சட்டம் போட்டுவிட்டார்கள், அது பிரெஞ்சுச் சட்டம் நடக்கும் புதுச்சேரிக்கு இன்னும் வந்து சேரவில்லை, அதற்குள் தனக்கு வயசாகிவிட்டதே என்று பெருமூச்சு விட்டார். அவர் மனைவி அஞ்சலாட்சியின் காதுக்கு அது போகாததால் பிழைத்தார்.

ரொக்கையா நேரே பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்குப் போனாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். அனுமதி உண்டுதான், ஆனால் சோறும் துணியும் நாளும் சமமாக இருக்க வேண்டும், முடியாதென்று பயந்தால் ஒருத்தியே போதும் என்றார் அவர். மனசைச் சமமாகப் பங்கு வைப்பது மனுஷனால் ஆகாது என்பதும் வேதத்திலேயே இருக்கிறதாம். அதைக் கேட்டதும் அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்: "அவ வர்றதுக்கு முன்னாடி நாப்பது நாளு பழகிப் பாருங்க. ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவளுக்கு. எனக்கு என்ன வாங்கினாலும் அவளுக்கும் வாங்கணும். தவறாம இருந்துட்டீங்கன்னா, நானே காரைக்காலுக்கு வந்து மாலை எடுத்துக் குடுக்கறேன்."

இவ்வளவு சுலபமா என்று கௌஸ் மைதீன் குதித்தார். கடைக்குப் பின்னால் இருந்த காலி அறை காரைக்கால்காரியின் வீடாயிற்று. மல்லிகை இரண்டு முழம் வாங்கி ஒன்றை அங்கே ஆணியில் மாட்டினார். கானாங்கெளுத்தி மீன் வாங்கினால் அவள் பங்கைத் தானே பொரித்து, தானே தீய்த்து, தானே தின்றார். கடைக்கு வரும் உத்தியோகஸ்த முசியேக்கள்கூடச் சின்னம்மா சௌக்கியமா என்று சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு விசாரித்தார்கள்.

முதல் மூன்று 'அவள் நாள்'களில் ரொக்கையா சோறு இறங்காமல் கிடந்தாள். நான்காவது முறை அஞ்சலாட்சி வந்து மேட்னி ஷோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த முறை கடற்கரை. காப்பி கேட்க ஆளில்லை, சட்டை எங்கே என்று கத்த ஆளில்லை. ரொக்கையாவுக்குத் தலைகால் புரியாத குஷி. இப்படிக் குஷியாக இருக்கிறோமே என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அஞ்சலாட்சியோடு புறப்பட்டவள் வாசலில் புருஷனைப் பார்த்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கத்தரிக்கோலை இங்கே வைத்துவிட்டதாகச் சொன்னார். கத்தரிக்கோல் அவர் கையிலேயே இருந்தது.

"இன்னிக்கு அவ நாளாச்சே" என்றாள்.

"அங்க யாரு இருக்கா, ரொக்கையா. இங்க வரணும் போல இருந்துச்சு, வந்துட்டேன்."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துதான் போயிற்று. ஆனாலும் விடவில்லை.

"நாளைக்கு அவ நெசமாவே அங்க இருப்பா. அப்பவும் நீங்க இங்கதான் வந்து நிப்பீங்க. அந்தப் பொண்ணு பூவ வச்சிக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டே கெடக்கும். அது யாரு பெத்த புள்ளயோ."

கௌஸ் மைதீன் தலையைக் குனிந்துகொண்டார். தன்னால் நியாயமாக நடக்க முடியாது என்றார்; பெண் வேண்டாமென்று காரைக்காலுக்கு இன்றைக்கே கடிதம் எழுதிவிடுவதாகச் சொன்னார். பிறகு நிம்மதியாக உட்கார்ந்து, ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார்.

ரொக்கையா சிரித்தாள். இந்தத் தடவை கோபமே இல்லாத சிரிப்பு.

"பாலு அடுப்பு மேல இருக்கு, போட்டுக் குடிங்க. நாப்பதுல இன்னும் ஒம்போது நாளு அவளோடது. அவதான் வரலியே, அத நானே எடுத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, அஞ்சலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.