கோதண்டத்தின் குக்கர் துப்பாக்கி

ஸ்டுடியோவின் ஏழாவது ஃப்ளோரில் போன வாரத்திலிருந்து இரண்டாயிரத்து எண்ணூறாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. இந்தக் காலத்து ஆட்களைக் கண்டால் வாட்ச்மேனுக்கு ஆகாது. செருப்பைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார். செருப்பு அவ்வளவு வருஷம் தாங்காதாம்.

கோதண்டம் கழற்றிவிட்டு உள்ளே போனான். அவன் ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் சாமான் செய்கிறவன். கையில் மஞ்சள் பை. பைக்குள் எதிர்காலத்துத் துப்பாக்கி.

அதற்கு முன்பு அது பர்மா பஜாரில் தொங்கிய மட்டரக ஏர் பிஸ்டல். பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுட்டால் பல்லிக்குக்கூடக் கோபம் வராது. கோதண்டம் அதன் ஆரஞ்சு மூக்கை அறுத்தான். ஸ்பிரிங்கைப் பிடுங்கினான். வாயில் டார்ச் லைட்டின் கண்ணாடி, தலையில் குக்கர் விசில், விலாவில் பழைய ஃபேன் ரெகுலேட்டரின் குமிழ். முதலில் வெள்ளி, மேலே கறுப்பு அடித்தான். கட்டை விரல் படும் இடத்தை மட்டும் வெள்ளி தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தான். இன்னும் நடக்காத சண்டைகளில் ஏற்பட்ட தேய்மானம் அது.

இதுவரை அவன் செய்ததெல்லாம் யாரோ போனில் காட்டிய படத்தைப் பார்த்து 'அதே மாதிரி' செய்தவை. "இதுல நீயா யோசிச்சு செஞ்சது எதுப்பா?" என்று மகள் தியேட்டரில் கேட்பாள். அவன் வாய் நிறையப் பாப்கார்னைத் திணித்துக்கொள்வான். இந்த ஒன்றுதான் அவன் மண்டையிலேயே உதித்தது. இதற்காகப் படத்தின் ஆரம்பத்தில் ஒரு கார்டில் அவன் பெயர் வரவேண்டும். இதுகூடப் பேராசை என்றால் என்னத்தைச் சொல்வது?

டைரக்டர் இளவழகன் துப்பாக்கியைச் செத்த எலி மாதிரி இரண்டு விரலால் தூக்கினார்.

"எந்தப் படத்துல சுட்டே?"

"எதுலயும் சுடல சார். சொந்தமா செஞ்சது."

"உன் மூஞ்சிக்கு சொந்தமா வேற வருதா?"

"சத்தியமா சார்."

"சரண்தேவ், இதால யாரையாவது சுட்டுப் பாரு."

ஹீரோ சரண்தேவ் அந்த நூற்றாண்டின் ஒரே நல்லவர். அன்றைக்குக் கடுப்பில் இருந்தார். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு லைட்மேன் முனிரத்தினத்தைக் குறி வைத்து அழுத்தினார்.

சத்தமே வரவில்லை. முனிரத்தினத்தின் மீசை சரண்தேவின் முகத்துக்கு வந்துவிட்டது.

துப்பாக்கி சுட்டிருந்தது. அந்த வார்த்தையைச் சினிமாக்காரர்கள் எந்த அர்த்தத்தில் சொல்வார்களோ அந்த அர்த்தத்தில்.

"யோவ், என் மீசைய குடுய்யா!"

"இது என் மீசை," என்று ஹீரோ முறுக்கினார்.

இன்னொரு தரம் அழுத்தினார். முனிரத்தினம் மத்தியானம் சாப்பிட்ட மீன் குழம்பு ஹீரோவுக்கு ஏப்பமாக வந்தது. முனிரத்தினத்துக்குப் பசித்தது. இன்னொரு சாப்பாடு கேட்டவரை அடிக்க வந்தார்கள்.

"பாத்தியா? திருட்டுச் சரக்கு. அதான் திருடுது," என்றார் டைரக்டர். "சங்கத்துக்குப் போன் போடு."

கோதண்டத்துக்கு ரோஷம் வந்தது. துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினான். ஓர் அடி வைத்தால் வாசல் நூறு வருஷம் தள்ளிப் போனது. வாட்ச்மேன் கட்டை விரல் உயரத்துக்குத் தெரிந்தார்.

"இன்னிக்கு முடிஞ்சு போச்சு. உள்ளயே கெட," என்று அங்கிருந்து கத்தினார்.

வேறு வழி? திரும்பி வந்தான்.

சினிமாக்காரர்கள் சங்கத்தில் 'சுட்டது பிரிவு' என்று ஒன்று உண்டு. அதன் அதிகாரி மரகதவல்லி வந்திருந்தார். துப்பாக்கியை விட்டுவிட்டுக் கோதண்டத்தை மோந்து பார்த்தார்.

"குக்கர் வாசனை வருது."

"விசில் எங்க வூட்டுது மேடம்."

"அப்ப குக்கரைப் பாத்து சுட்டிருக்கே."

"குக்கர் துப்பாக்கி இல்லியே மேடம்."

"எதுத்துப் பேசறான்!" என்று கூச்சல் கிளம்பியது. உடம்பெல்லாம் வெள்ளிப் பெயின்ட் பூசிய எதிர்கால ஜனங்கள் டீ கப்புகளை அவன்மேல் எறிந்தார்கள். சில கப்புகளில் டீ இருந்தது.

மரகதவல்லி கையை உயர்த்தினார். "இவனையே சுடுங்க. சொந்தச் சரக்குன்னா செஞ்சவன்கிட்ட கை வைக்காது. எதுவும் கொறையலன்னா கார்டுல பேரு. கொறைஞ்சா ஆளே வெளிய."

கோதண்டம் துப்பாக்கியைச் சரண்தேவிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றான். மனசு குளிர்ந்துதான் இருந்தது. பெற்றவன்மேலேயே கை வைக்குமா என்ன? கண்ணை மூடிக்கொண்டான். கார்டு தெரிந்தது. வெள்ளை எழுத்து. எழுத்துப்பிழைகூட இல்லை.

சரண்தேவ் அழுத்தினார்.

கோதண்டம் தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பல் இருந்தது. மோதிரம் இருந்தது. மகள் பெயர் நினைவிருந்தது.

"எதுவும் கொறையல மேடம்!"

யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் சரண்தேவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"இந்த விசிலைக் கழட்டுனதுக்கு என் சம்சாரம் ரெண்டு நாள் என்கூடப் பேசல," என்றார். அவர் கல்யாணம் ஆகாதவர். "யாரையும் பாத்து செய்யல. என் மண்டையில உதிச்சது."

வெள்ளி ஜனங்கள் கை தட்டினார்கள். மரகதவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கார்டுல இவர் பேரைப் போடுங்க," என்றார். அப்புறம்தான் கோதண்டம் பக்கம் திரும்பினார். "நீ ஏதோ சாமான் செய்றவனாமே. இது எப்படி இருக்கு, சொல்லு."

கோதண்டம் வாங்கிப் பார்த்தான். கட்டை விரல் தானாகப் போய் அந்தத் தேய்ந்த இடத்தில் உட்கார்ந்தது. தொழில்காரன் பார்வை, தாட்சண்யம் கிடையாது. உச்சுக்கொட்டினான்.

"எங்கியோ பாத்திருக்கேன் மேடம். சுட்டதுதான் இது."

டைரக்டரின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. "பாத்த மாதிரி இருக்கா? அப்பாடா! அப்ப ஜனங்க ஒத்துக்குவாங்க. ஷாட் ரெடி!"

கோதண்டத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, சரண்தேவின் சட்டையைப் பிடித்துவிட்டான். நாலு பேர் அவன் கையைப் பிரித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

"எவனோ பாவம், ஒக்காந்து ஒக்காந்து தேய்ச்சிருக்கான்," என்று போகிற வழியெல்லாம் கத்தினான். "அவன் பேரக்கூடப் போடாம அமுக்கிட்டீங்களேடா! அவன் வயித்தெரிச்சல் உங்கள சும்மா விடாதுடா!"