எண்ணெய் இல்லாத கேரட்

அந்தப் பிள்ளைகள் விடுதியில் சமையல்காரியை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். அப்படிப்பட்டவளின் பையைத்தான் ஒருநாள் வாசலில் வைத்து, அத்தனை பேர் பார்க்கத் தலைகீழாகக் கொட்டினார்கள்.

விஷயம் சிட்டுவால் வந்தது. ஏழு வயசு. ஓரிடத்தில் நிற்காமல் பறந்துகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் கொஞ்ச நாளாகப் பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். முந்தின நாள் நடைவழியில் கிடந்த வாளியில் இடறி விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டாள். தையல் போட்ட டாக்டரம்மா அவள் கண்ணையும் பார்த்துவிட்டு, மாலைக்கண், வைட்டமின் ஏ போதவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

விடுதி நிர்வாகி அந்தச் சீட்டோடு நேரே சமையலறைக்குள் நுழைந்தார்.

"தினமும் கேரட்டும் கீரையும் மூட்டை மூட்டையா இறக்குறேன். பிள்ளைங்க வயித்துக்குப் போகலேன்னா எங்க போச்சு?"

"தட்டுலதான் போச்சு. நின்னு பாருங்க!"

"பையை எடுத்துட்டு வாசலுக்கு வாங்க."

ஒரு சீப்பு, கண்ணாடிக் கூடு, தைலப் புட்டி. அவ்வளவுதான் விழுந்தது. கேரட்டின் காம்புகூட இல்லை.

"இன்னைக்கு இல்ல போலிருக்கு" என்றார் நிர்வாகி.

அந்த ஒரு வார்த்தை பெரியக்காவைச் சுட்டுப் பொசுக்கிவிட்டது. மறுநாள் மதியச் சாப்பாட்டை ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய் மேசை மேல் வைத்தாள்.

"நான் திருடியாம். நீங்களே பாருங்கம்மா, இதுதான் பிள்ளைங்க தின்றது."

டாக்டரம்மா கரண்டியால் கிளறினார். "கேரட் நிறைய இருக்கு. எண்ணெய் எங்க?"

"ஆறு மாசமா இல்லம்மா. நிர்வாகி ஏதோ கூட்டத்துக்குப் போய்ட்டு வந்து, கொழுப்பெல்லாம் விஷம்னு நிறுத்திட்டார். முட்டையும் பாலும் அதோடயே போச்சு."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "கேரட், கீரையில இருக்கிற கரோட்டின் உடம்புக்குள்ள போய்த்தான் வைட்டமின் ஏ ஆகணும். கொஞ்சமாவது கொழுப்பு சேர்ந்தாத்தான் குடல் அதை ஒழுங்கா எடுத்துக்கும். இல்லேன்னா பெரும்பாலும் வீணாப் போயிடும். வைட்டமின் ஏவை நேராத் தர்ற முட்டை, பாலையும் நிறுத்தினா, ஏற்கெனவே நோஞ்சானா வந்த பிள்ளை என்ன ஆகும்? நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்."

திரும்பி வரும் வழியெல்லாம் பெரியக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. நிர்வாகி மேல் மட்டுமல்ல, தன் மேலும்தான். எண்ணெயை நிறுத்தியபோது இரண்டு நாள் சண்டை போட்டவள், மூன்றாம் நாள் 'எனக்கென்ன வந்தது' என்று வாயை மூடிக்கொண்டாளே!

நிர்வாகி கூடத்தில் இருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு, "நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சேன்" என்று இழுத்தார்.

"உங்க தொந்தி கரையணும்னா நீங்க பட்டினி கிடங்க! வளர்ற பிள்ளைங்களை ஏன் காயப்போட்டீங்க? நான் கேரட் திருடின்னா, சிட்டு கண்ணைத் திருடப் பார்த்தது யாரு?"

"எண்ணெய் டின்னு உள்ள வந்தாத்தான் ராத்திரிக்கு அடுப்பெரியும்" என்று சொல்லிவிட்டு, சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நாலு மணிக்குள் டின் வந்தது.

அந்த வாரமே டாக்டரம்மா எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதித்தார். இன்னும் நாலு பேருக்கு அதே கோளாறு. எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்; முட்டையும் பாலும் திரும்ப வந்தன. சில நாளிலேயே சிட்டு சாயங்காலத்தில் பழையபடி படிகளில் தாவினாள்.

நிர்வாகி பெரியக்காவைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, "தப்பா நினைச்சுட்டேன்" என்றார்.

"பையைக் கொட்டினது வாசல்ல. இதையும் அங்க வந்து சொல்லுங்க."

அவர் வரவே இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்று அவளுக்குப் பலமுறை தோன்றியது. ஆனால் தன் இடத்துக்கு வருகிறவள் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டால் பிள்ளைகள் கதி? அந்த நினைப்பில்தான் கோபம் துளியும் ஆறாமல், தினமும் விடிந்ததும் அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.