போரா போரா விண்ணப்பம்

டேவிட்சன் பாரிஸிலிருந்து வந்து மூன்று நாளாகியும் எல்சி அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், சட்டைக்கு இஸ்திரி போட்டாள். பேச்சு மட்டும் கிடையாது. நான்கு வருடமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவன் ஒரு மாத லீவில் வருவதும், "உன் விசா வேலை நடந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்வதும், ஒரு சென்ட் பாட்டிலை வைத்துவிட்டுக் கிளம்புவதும் வாடிக்கையாகிவிட்டது. இந்தத் தடவை அவன் பெட்டியைத் திறக்கும்போதே அவள் கேட்டுவிட்டாள்.

"என் விசா எதுல இருக்கு? பெட்டியிலயா, கைப்பையிலயா?"

அவன் சிரித்து மழுப்பினான். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மழுப்பல் அவளுக்கு ஆகாது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மாதாக்கோட்டையில் அடைக்கலசாமியின் மகளாக வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். விடை தெரியாத பையன் தெரியாது என்று சொன்னால் விட்டுவிடுவாள், தெரிந்த மாதிரி நெளிந்தால் வெளியே நிறுத்துவாள். பிரான்ஸ் மாப்பிள்ளை என்றதும் அவள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று ஞாயிறு மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியைக் கட்டி, ஊரே மெச்சக் கல்யாணம் நடந்தது. "மூணே மாசத்துல கூட்டிட்டுப் போயிடுவேன் மாமா" என்றான் மாப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தையை நம்பி எல்சி வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து சேர்ந்தது பாரிஸ் அல்ல, மாயவரத்துக்குப் பக்கத்தில் அவன் ஊரான குத்தாலம். மாமியார் மரியபுஷ்பம் வாதம் வந்து வலது பக்கம் விழுந்து படுத்திருந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் மருமகள்தான். விசா வந்ததும் ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். விசாவும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

நான்காம் நாள் காலை அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது டேவிட்சன் எதிரில் வந்து உட்கார்ந்து, வழவழப்பான புத்தகம் ஒன்றை அவள் மடிக்கு நேராக விரித்தான். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். கடலுக்குள் காலூன்றி நிற்கும் கூரை வீடுகள். காதில் பூ வைத்துக்கொண்டு சிரிக்கிற ஒரு வெள்ளைக்கார ஜோடி.

"போரா போரா. தாஹித்தின்னு கேள்விப்பட்டிருக்கியா? அதுக்குப் பக்கத்துத் தீவு. நாம ரெண்டு பேரும் போறோம். ரெண்டு வாரம், ஹனிமூன்."

"யாருக்கு?"

"இது என்ன கேள்வி? நமக்குத்தான். கல்யாணமாகி ஒரு இடமும் போகலையேன்னு உனக்கு ஒரு குறை இருக்கே."

"எனக்கு அந்தக் குறை இல்லீங்க. எனக்கு இருக்கிற குறை வேற. அது உங்களுக்கே தெரியும்."

அவன் அதைக் காதில் வாங்காதவன்போலப் பக்கத்தைப் புரட்டினான். "இந்த வீட்டைப் பாரு. தண்ணி மேல கட்டியிருக்கான். தரையில கண்ணாடி. படுத்துக்கிட்டே மீன் போறதைப் பாக்கலாம்."

"ஐப்பசியில வந்து பாருங்க, இங்கயே அப்படித்தான் இருக்கும். போன வருசம் முழங்கால் தண்ணியில கட்டிலுக்கு நாலு செங்கல் வெச்சு உங்கம்மாவைப் படுக்கப் போட்டிருந்தேன். மீன் வரல. தண்ணிப்பாம்பு வந்துச்சு."

"உன்கிட்ட ஆசையா ஒண்ணு சொல்ல முடியுதா? நாக்கா அது, கருக்கரிவாளா?"

"நாலு வருசம் தீட்டினா கரண்டிக்கும் பதம் வந்துடும்."

அவன் எழுந்து போயிருப்பான். போகாமல் நின்று ஒன்று சொன்னான். அந்தத் தீவும் பிரான்ஸ்தானாம். பிரெஞ்சுக் கொடிதான் பறக்கிறதாம். அங்கே ஒரு தடவை போய்வந்துவிட்டால் அடுத்து பாரிஸுக்கு விசா கேட்கும்போது பேச்சே இருக்காதாம்.

எல்சியின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. வெட்கக்கேடு என்னவென்றால், அவளுக்கு ஆசை வந்துவிட்டது. மத்தியானம் மாமியாரைத் தூங்க வைத்துவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். கடலுக்காக அல்ல. பாஸ்போர்ட்டில் ஒரு பிரெஞ்சு முத்திரை விழும், அதில் டேவிட்சன் பெண்டாட்டி என்று இருக்கும். மாதாக்கோட்டைக்குப் போனால், "இன்னும் கூப்பிடலையாம்மா?" என்று கோயில் வாசலில் கேட்கிற பெண்களின் வாயில் அதை வைத்து அடைக்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் மனைவி என்று அந்த நாட்டுத் தாள் ஒன்றில் தன் பேர் ஏற வேண்டும்.

அதனால் பேச ஆரம்பித்தாள். ஆனாலும் தேன் ஒழுகவில்லை. அங்கே சோறு கிடைக்குமா என்று கேட்டாள். மீனும் தேங்காய்ப்பாலும் என்றான். "அதுக்கு நாகப்பட்டினம் போதுமே" என்றாள். நீச்சலுடை வாங்கலாம் என்றான். "உங்க தங்கச்சி இருந்தா வாங்கிக் குடுங்க" என்றாள். எந்த மாதம் போகலாம் என்பதில் ஒரு நாள் சண்டை, தாலிச்சங்கிலியைக் கழற்றிவிட்டு வந்தால் நல்லது, கடலில் போய்விடும் என்று அவன் சொன்னதில் இன்னொரு நாள் சண்டை. உலகத்தில் எந்த ஜோடியும் தேனிலவுக்கு இப்படி முறைத்துக்கொண்டு ஏற்பாடு செய்திருக்காது.

ஒரு வாரத்தில் விண்ணப்பத் தாள்கள் தயாராயின. அவனே உட்கார்ந்து பிரெஞ்சில் எழுதினான்.

"எழுதினதைப் படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

"உன் பேரு, பிறந்த தேதி, அப்பா பேரு. வேற என்ன இருக்கும்? காரைக்கால்ல ஜெகபர் அலின்னு ஒரு பாய், பிரான்ஸ் காகிதமெல்லாம் அவருதான் பாக்குறாரு. அவர் எதுக்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வா."

"நீங்களும் வாங்களேன்."

"எனக்கு வயிறு சரியில்ல."

காரைக்கால் என்றாலே அவனுக்கு வயிறு சரியிருக்காது. நாலு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் வந்ததில்லை. எல்சி மாயவரத்தில் பஸ் மாறித் தனியாகப் போனாள். ஆற்றில் தண்ணீர் வந்து, வழி நெடுக நாற்றங்காலுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெகபர் அலி கூத்தாநல்லூர்க்காரர், அறுபது வயதிருக்கும். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு முப்பது வருடமாகக் காகிதம் எழுதுகிறவர். முதல் தாளைப் படித்தார். இரண்டாம் தாளைப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக அவள் கழுத்தைப் பார்த்தார். பிறகு முதல் தாளை மறுபடி எடுத்தார்.

"உக்காருங்கம்மா. டேவிட்சன்கிறவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"எங்க வீட்டுக்காரரு."

அவர் கடையிலிருந்த மற்ற இருவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

"இதுல அப்படி இல்லம்மா. இந்தக் கட்டம் உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு கேக்குது. ஆகலைன்னு குறி போட்டிருக்காரு. இந்த ரெண்டாவது தாள் உங்களைக் கூட்டிட்டுப் போற அவரோடது. அவருக்குக் கல்யாணம் ஆயிருக்கு. மனைவி பேரு லின்சி, பிறந்த ஊரு காரைக்கால். உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவுன்னு கேட்ட இடத்துல, குடும்ப நண்பர்னு எழுதியிருக்காரு."

"தப்பா எழுதியிருப்பாரு" என்றாள் எல்சி. சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

"இந்தப் பக்கம் இது புதுசு இல்லம்மா. பிரெஞ்சுக் குடியுரிமைக் கார்டு இருக்கிற வீட்டுப் பொண்ணை அங்க நகராட்சி ஆபீசுல பதிஞ்சு கட்டிக்கிட்டா, ஆம்பளைக்கும் அங்க தங்குற கார்டு வந்துடும். கோயில்ல கட்டலைன்னா இங்க உங்க சாமியாருக்கு அது கல்யாணமாவே தெரியாது. அங்க ஆபீசுல ஒண்ணு, இங்க கோயில்ல ஒண்ணு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்காது."

"என் தாள்ல மட்டும் ஏன் பொய்?"

"அவரு தாள்ல பொய் எழுதினா கார்டு போயிடும். உங்க தாள்ல எழுதினா அவருக்கு ஒண்ணும் போகாது." சொல்லிவிட்டு அவர் தாள்களை அவள் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போட்டுடாதீங்கம்மா. நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

முன்பின் தெரியாத ஒரு மனிதர் முன்னால் அவமானத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காது மடல் வரைக்கும். நான்கு வருடம் ஒரு கிழவியின் மலஜலத்தை அள்ளியவளுக்கு அவன் கொடுத்த பேர் குடும்ப நண்பர். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே தமிழில் எழுதித் தரச் சொன்னாள். அவர் எழுதிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது டேவிட்சன் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டிவியை அணைத்துவிட்டுத் தாள்களை அவன் மடியில் போட்டாள். தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"எல்சி, அது சும்மா பேப்பர்லதான். கார்டுக்காக. சத்தியமா."

"எத்தனை வருசமா?"

"ஒன்பது."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா இருக்கீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். "அங்க வாடகை ரொம்ப ஜாஸ்தி."

இதற்கு அவள் சிரித்துவிட்டாள். வாடகையாம்! இந்தப் பதிலைச் சொல்ல ஒருவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். "அவங்க பேப்பர்ல இருக்காங்க, உங்க வீட்டுலயும் இருக்காங்க. நான் ரெண்டுலயும் இல்ல. அப்ப எதுக்குங்க எனக்கு மூணு ஞாயிறு ஓலை வாசிச்சீங்க?"

உள்ளே கட்டிலிலிருந்து மரியபுஷ்பத்தின் குழறிய குரல் வந்தது. "அவனைக் கரிச்சுக் கொட்டாதம்மா. ஆம்பளப்புள்ள, போன எடத்துல பொழைக்க வேணாமா?"

எல்சி உள்ளே போனாள். "அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

கிழவிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாத உடம்பு, அதனால் கண்ணை மூடிக்கொண்டாள். எல்சிக்கு அது போதுமானதாக இருந்தது. அவனுடைய துரோகத்தைவிட அந்த மூடிய கண்கள்தான் அவளை அதிகம் சுட்டன.

டேவிட்சன் பின்னாலேயே வந்து கெஞ்சினான். அடுத்த வருடம் லின்சியோடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்வானாம். அதுவரை ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம். "முதல்ல போரா போரா போயிட்டு வருவோம். ரெண்டு வாரம் நிம்மதியா இருந்தா உனக்குக் கோபம் ஆறிடும்."

"எங்க போடணும் கையெழுத்து?"

அவனுக்கு நம்ப முடியவில்லை. அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்து, இடத்தை விரலால் காட்டினான். முகத்தில் அப்படி ஒரு தெம்பு. எல்சி டீச்சர் கையெழுத்தாக, முழுப் பேரையும் திருத்தமாகப் போட்டாள்.

"போட்டாச்சு. எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு நானே ஒத்துக்கிட்டேன். கல்யாணம் ஆகாத பொம்பள குடும்ப நண்பர் வீட்டுல தங்கினா ஊரு தப்பா பேசும்."

பத்து நிமிடத்தில் பையைக் கட்டினாள். நான்கு புடவை, பி.எட். சான்றிதழ், பாஸ்போர்ட். சென்ட் பாட்டில்கள் நான்கும் பீரோவிலேயே இருந்தன. தாலியைக் கழற்றவில்லை. அது சாமியார் மந்திரித்தது, அவன் வீட்டுச் சொத்தல்ல என்று நினைத்துக்கொண்டாள்.

வாசற்படியில் அவன் வழிமறித்தான். அவள் நின்றாள். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் அவளுக்குள் ஒரு மானங்கெட்ட ஆசை இருந்தது. போகாதே என்று சொல்வான், நீதான் என் பெண்டாட்டி என்று சொல்வான், ஒரு தடவையாவது, பொய்யாகவாவது சொல்வான் என்று காத்திருந்தாள்.

"நீ போயிட்டா அம்மாவை யாரு பாத்துக்கிறது?" என்றான் டேவிட்சன்.

தான் எதற்காகக் கட்டிக்கொண்டு வரப்பட்டோம் என்பது எல்சிக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவன் கையை விலக்கினாள்.

"லின்சிக்குப் போன் போட்டுக் கேளுங்க. மருமக அவங்கதானே."

தெருவில் இறங்கிப் பத்தடி போயிருப்பாள். உள்ளேயிருந்து மரியபுஷ்பம் கூப்பிட்டாள். பெற்ற மகன் வாசலில் நிற்க, கிழவி அவன் பேரைச் சொல்லவில்லை. "எல்சி... எல்சி... ஈரமாயிடுச்சும்மா" என்று கூப்பிட்டாள். நான்கு வருடப் பழக்கத்தில் எல்சியின் கால் தானாகத் திரும்பியது.

திரும்பிய காலை அவளே பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்து நேராக வைத்தாள். டேவிட்சன் உள்ளே போகாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடியும் அந்தக் குரல் கேட்டது. அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.